ஒட்டிக்கொண்ட வெறும் பிளேட்

12 பிப்ரவரி 2025, புதன்
பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக மத்தியானத்துக்கு மேல் செங்கம் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். பிளேட்டுகள் ஓவனில் ஆறு மணி நேரம் வேக வேண்டும். மூன்று மணி நேரத்திலேயே அணைத்துவிட்டு ஓடிவந்தேன். பௌர்ணமியன்று லேபில் எல்லோரும் செய்வதுதான்.

18 பிப்ரவரி
எண்பத்திரண்டு சதவீதம்! கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கடுக்காக இறுகிய பிளேட். உள்ளே பொடிப்பொடியாகக் கேப்சூல். விரிசல் விட்டால் கேப்சூல் உடைந்து, பசை கசிந்து, பிளேட் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். மூன்று வருஷமாக இதுதான் என் பிழைப்பு. அடுக்குகளைப் பிரித்து, கிளிப் போட்டு, ஒரு நாள் சூட்டில் வைத்தேன். பழைய பலத்தில் எண்பத்திரண்டு திரும்பிவிட்டது!

மார்ச் இருபதுக்குள் பிஎச்.டி. சினாப்சிஸ் கொடுத்துவிடலாம் என்றார் கைட் அருணாதேவி மேடம். அம்மா உடனே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, ஆனியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள்.

21 பிப்ரவரி
சந்தோஷமாகத்தானே இருக்கணும்? ஏன் இந்தப் படபடப்பு? ஒப்பிட்டுப் பார்க்க அதே ஓவனில் வேகவைத்த, கேப்சூல் போடாத வெறும் பிளேட்டை இன்னும் பிரித்தே பார்க்கவில்லை.

24 பிப்ரவரி
வெறும் பிளேட்டும் ஒட்டிக்கொண்டது. எழுபத்தொன்று.

உள்ளே ஒண்ணுமே இல்லியே, எப்படி ஒட்டிச்சு? லேப் நோட்டைப் புரட்டினேன். 'ஓவன் — 3 மணி நேரம்.' என் கையெழுத்துதான். அரைவேக்காட்டு ரெசின், திரும்பச் சூடு பட்டதும் மிச்சமும் வெந்து தானே ஒட்டிக்கிச்சு. கேப்சூல் பெருசா ஒண்ணும் கிழிக்கல. சீ, எனக்கு எங்க போச்சு புத்தி!

25 பிப்ரவரி
சொல்லவா, வேண்டாமா — காலையெல்லாம் மேடம் ரூம் வாசலில் நாலு தடவை போய்த் திரும்பினேன். பயம்தான். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"எங்கிட்ட சொல்லாமலே வுட்டிருக்கலாமே, அபிநயா."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே, மேடம்."

26 பிப்ரவரி
கல்யாணம் தள்ளிப்போகலாம் என்றதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை.

13 மார்ச், வியாழன்
மறுபடி பௌர்ணமி. புது பிளேட்டுகள். ஆறு மணி நேரமும் ஓவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. கிரிவலக் கூட்டத்தோடு வேங்கிக்காலில் இருக்கும் வீடு வரைக்கும் நடை. காலெல்லாம் கொப்புளம். அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு வாய் திறந்தாள்: "பாதி மலை சுத்துனா கணக்குல வராதுடி."

19 மார்ச்
வெறும் பிளேட் ஒட்டவே இல்லை. கேப்சூல் போட்டது — பத்தொன்பது.

மேடம் நோட்டை வாங்கி, எண்பத்திரண்டைத் தன் பேனாவாலேயே அடித்தார். பக்கத்தில் 19 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் கொடுக்க வேண்டிய சினாப்சிஸ் பற்றி இருவரும் பேசவில்லை.

"அடுத்த பிளேட்டு எப்ப போடற?" என்று மட்டும் கேட்டார்.