சூப் ஜாடியும் மெர்சியின் தாடையும்

டிச. 13, சனி
மழை விட்டு இன்றுதான் வெயில். கேரட், பீன்ஸ், காளான் பொடியாக நறுக்கி மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பரப்பினேன். முருங்கைக்கீரை நிழலில். இந்தக் கிறிஸ்துமஸுக்கு யாருக்கும் கேக் கிடையாது. தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. கொடுக்கிற கேக் ஊர் சுற்றி நம் வீட்டுக்கே வருகிறது. இந்தத் தடவை சூப் பொடி. கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காக, அடியில் வறுத்த பாசிப்பருப்பு, அதன் மேல் காய், கீரை, உச்சியில் மிளகு சீரகம்.

வாங்க: பூண்டு, சிவப்பு ரிப்பன்.

மாடி வீட்டிலிருந்து என் நாத்தனார் மெர்சி எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணி, ஊறுகா கம்பெனியா?" என் கையில் கத்தி இருந்தது. கீழே வைத்துவிட்டேன், நல்லவேளை.

டிச. 15, திங்கள்
காலையில் காய்ந்ததை அள்ள ஜாடியோடு மேலே போனேன். வேட்டிக்கு நேர் மேலே கொடி. கொடி முழுக்க மெர்சி துவைத்த ஜமுக்காளம், போர்வை. பிழியாமல். என் கேரட் மேல் சோப்புத் தண்ணீர் சொட்டுகிறது.

"கண்ணு தெரியல உனக்கு?"

"வெயிலு இன்னா உன் ஊட்டு சொத்தா? எங்க நைனா கட்ன ஊடு இது. நீ கட்டிக்கினு வந்தவ."

வந்தவ. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குப் பொங்கிப் போட்ட பிறகு.

ஓங்கி விட்டேன். எறியவில்லை, ஜாடியைப் பிடித்த கையாலேயே. தாடையில். தேங்காய் உடைகிற சத்தம். வாயெல்லாம் ரத்தம், வேட்டியிலும். ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிச. 16, செவ்வாய்
தாடை எலும்பு முறிவு. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டிவிட்டார்கள். கம்பி பிரிக்கும்வரை நீராகாரம்தான்.

எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். நான் கதவோரம் நின்றேன். உண்மையைச் சொன்னால் நேரே போலீஸ். மெ. என்னையே பார்த்தாள். "மாடில பாசி. வய்க்கி உய்ந்துட்டேன்."

ஏன் சொல்லவில்லை? திருப்பி நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் தயவில் நடமாடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

டிச. 18, வியாழன்
என் வீட்டுக்காரருக்கு நடந்தது தெரியும். என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்டு எழுந்தபோது ஒன்று மட்டும் சொன்னார். "ஜெபம் அப்பால பண்ணிக்கலாம். மொதல்ல மாடிப்படி ஏறு."

நனைந்த காயைக் கொட்டிவிட்டு, புதிதாக வாங்கி உலர்த்தி மற்ற ஜாடிகளை நிரப்பியாயிற்று. மெ.க்குத் தனியாகப் பொடி. மிக்ஸியில் மாவாக அரைத்து, துணியில் சலித்தேன். துணுக்கு இருந்தால் கம்பியில் சிக்கும். அரைக்கும்போது 'வந்தவ' மறுபடி காதில் விழுந்தது. மிக்ஸி மூடியைக் குத்தியே மூடினேன்.

ஜாடி தீர்ந்துவிட்டது. மிச்சம் அந்த ஒன்றுதான். மூடி இடுக்கில் இன்னும் ரத்தம். ஊசியால் சுரண்டிக் கழுவி, பொடியை நிரப்பி, ரிப்பன் கட்டினேன். மேலே போனேன். மன்னிச்சிடு என்று சொல்லத்தான் போனேன். கரைத்து, ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தேன். உறிஞ்சினாள்.

"உப்பு பத்தல."

அடிக்க வேண்டும்போல் இருந்தது. உப்புப் போட்டேன்.

டிச. 25, வியாழன்
ஆராதனை முடிந்து எல்லார் வீட்டுக்கும் ஜாடி கொடுத்தாயிற்று. சர்ச் ஐயர் வீட்டம்மா மெ.யைப் பார்க்க வந்து, "யாரும்மா உன்னப் பாத்துக்கிறது?" என்றார்கள். "அண்ணிதான்." என் முகத்தைப் பார்க்காமல்.

அவர்கள் போனதும் காலி ஜாடியைத் தேடினேன். கழுவித் துடைத்து, தலைமாட்டில், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. எடுக்கப் போனேன். மேலே கையை வைத்துக்கொண்டாள்.

"இர்க்கட்டும்."

"ரொப்பித் தரேன் மெர்சி."

கம்பிக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. "ஆஸ்பத்திரில சொல்லிர்ந்தா போலீஸ்காரன் கேட்டுட்டு போய்ருப்பான். நான் கேக்க வாணாமா? கம்பி பிரிக்கட்டும் அண்ணி."

கீழே வந்து மாடிப்படிக் கதவைத் தாழிட்டேன். படுத்தேன். எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.