ரெண்டு மீட்டர், ஒரே அடுப்பு

அக்கா,

காலையில் ரீடிங் எடுக்கிற தம்பி வந்தார். நடையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும் நம் ரெண்டு மீட்டரில் என்னுடையதை முதலில் பார்த்து அட்டையில் எழுதினார். அப்புறம் உன்னுடையதைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இன்னாம்மா, இது ஓடவே இல்லியே? பின்னாடி போர்ஷன்ல ஆளு இல்லியா?"

"ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"எந்த ஊருக்கு? போன தபாவும் இப்டியேதான் நின்னுகினு இருந்திச்சு. சும்மா எதுக்கும்மா மினிமம் கட்டிகினு? எழுதிக் குடுத்து ஒண்ணாக்கிடுங்க."

அவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எனக்குத்தான் அப்புறம் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அரிசி களையப் போனேன், பாதியில் வந்து மீட்டரைப் பார்த்தேன். துணியை ஊறவைத்தேன், திரும்ப வந்து பார்த்தேன். உள்ளே சக்கரத்தின் கறுப்புக் கோடு ஒரே இடத்தில் நிற்கிறது. இதைக்கூட நான்கு வரி எழுதுவதும் எழுந்து போவதுமாகத்தான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் "குந்துடி ஒரு எடத்துல, தலைய சுத்துது" என்று கத்தியிருப்பாய். சொல்கிறவள் மட்டும் என்னவோ ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தவள்!

உன்னைப் போல் அலைந்தவளை நான் கண்டதில்லை. இந்தத் திருவொற்றியூர் வீட்டுக்கு நான் சின்ன மருமகளாக வந்த மறு வாரமே என்னைப் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு போனாய். பெரிய மருமகள் புதுப்பெண்ணுக்கு வளையல் வாங்கித் தரப் போகிறாள் என்று நானும் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். நீ கொண்டுபோய் நிறுத்தியது ராயபுரத்தில் ஒரு கேஸ் ஏஜென்சி வாசலில். அந்தக் காலத்தில் சர்க்கார் கேஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். தனியார் கேஸ் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. கேட்டவுடன் கிடைக்கும், விலைதான் ஒரு பங்கு மேலே. நீ அங்கே வரிசையில் நின்ற ஒவ்வொரு பொம்பளையின் வாயையும் கிளறினாய். "உன்து எத்தினி நாளு வருது? அட்டி போட்டு குடுக்கறானா, உடனே குடுக்கறானா? லீக்கு ஆச்சுன்னா எவன் வந்து பாப்பான்?" கேட்டுக் கேட்டு, பதிவு செய்திருந்த சர்க்கார் கேஸ் கைக்கு வந்தபிறகும் தனியார் சிலிண்டர் ஒன்றை அவசரத்துக்கு என்று வாங்கி வைத்தாய். அதன் ரெகுலேட்டர் இதற்குச் சேராது, இதன் ரெகுலேட்டர் அதற்குச் சேராது. ரெண்டு சம்பந்திகளைப் போல ரெண்டும் ஆளுக்கொரு மூலையில் நின்றன.

மணலி எண்ணெய்க் கம்பெனிகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் தெருவே கேஸ் கசிந்த மாதிரி நாறும். நம் சிலிண்டரா, கம்பெனிக் காற்றா என்று தெரியாது. நீ குழம்பைப் பாதியில் விட்டுவிட்டு ரெண்டு ரெகுலேட்டரையும் மூடுவாய், பிறகு வாசலுக்கு ஓடி மூக்கைத் தூக்கிப் பார்ப்பாய். "நம்மள்து இல்லடி, ஊரு நாத்தம்தான்" என்று சந்தோஷமாக வருவாய். ஊர் நாற்றத்துக்குச் சந்தோஷப்பட்டவர்கள் நாம்தான்.

கரண்டு பில் விஷயம் அப்புறம்தான் ஆரம்பித்தது. உன் வீட்டுக்காரருக்கு, மாமாவுக்கு, ஹார்பரில் ஷிப்ட். என் வீட்டுக்காரருக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரியில் ஷிப்ட். ராத்திரி வேலை பார்த்தவர் பகலில் ஃபேனைப் போட்டுத் தூங்குவார், பகல் வேலை பார்த்தவர் ராத்திரி. ஃபேன் மட்டும் ஷிப்ட் மாறாமல் ஓடியது. கிரைண்டர், டிவி, ரெண்டு வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு லைட்டின் கீழே. எல்லாம் மாமனார் பெயரில் இருந்த ஒரே மீட்டரில். குறைவாக எரித்தால் யூனிட்டுக்கு ஒரு விலை, ஒரு அளவுக்கு மேல் எரித்தால் வேறு விலை என்பது எனக்குப் புரியவே இல்லை. நீதான் தோசை வார்த்துக்கொண்டே புரியவைத்தாய்.

"கரண்டு ரேட்டு நம்ம அத்த மாதிரிடி. ஒரு கோடு வரிக்கும் ஒண்ணும் சொல்லாது. கோட்டத் தாண்டிட்டே, அவ்ளோதான், பழசு எல்லாம் சேத்து வச்சி கேக்கும்."

மாமியார் கூடத்திலிருந்து, "காதுல வுழுது" என்றார்.

"வுழட்டும்னுதான் சொல்றேன்" என்றாய்.

ஒரு வீட்டுக்கு ரெண்டு மீட்டர் இருந்தால் ரெண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கும் என்று நீ கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். ஈ.பி. ஆபீஸுக்கு நடையாய் நடந்தாய். ரெண்டாவது மீட்டர் வேண்டுமானால் ரெண்டு குடும்பம் இருக்க வேண்டும், தனி வழி, தனிச் சமையல், ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள். "காட்டிட்டா போச்சு" என்று வந்துவிட்டாய். கொத்தனாரைக் கூப்பிட்டு சமையல்கட்டின் நடுவே சுவர் எழுப்பச் சொன்னாய். பின் பக்கமும் தனியார் சிலிண்டரும் உனக்கு, முன் பக்கமும் சர்க்கார் சிலிண்டரும் எனக்கு. சுவர் மார்பளவு வந்தபோது அவரை நிறுத்தி, ஒரு குழம்புக் கிண்ணம் போகிற அளவுக்குச் சந்து விடச் சொன்னாய். 

"பிரிக்கறதுன்னா ஒழுங்கா பிரிக்கணும், இது இன்னா எலி வளையா?" என்று கொத்தனார் சிரித்தார்.

அத்தைதான் சிரிக்கவில்லை. தனி அடுப்பு என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தச் செங்கல்லையே பார்த்தார். "நான் கண்ண மூடுற வரிக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றார். நீ பக்கத்தில் போய்க் குந்தி, "அய்ய, சும்மா ஷோவுக்கு அத்த. மீட்டரு வந்திச்சின்னா பழையபடி ஒண்ணுதான்" என்று சத்தியம் பண்ணினாய். அத்தை நம்பவில்லை.

ஆபீஸர் வந்த நாள் நினைவிருக்கிறதா? ரெண்டு அடுப்பையும் எரியவிட்டோம். காசிமேட்டிலிருந்து நீ வாங்கி வந்த ஒரே மீனைப் பாதியாக்கி ஆளுக்கொரு சட்டியில் கொதிக்கவைத்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் முறைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நீ உர்ரென்று. அவர் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாகத்தான் போனது. உன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது, சந்து வழியாக ஒரு கரண்டி நீண்டது, என் உள்ளங்கை தானாகப் போய் அதன் கீழே நின்றது. நக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கல்லு போடுக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து உன் குழம்புக்கு நான்தான் உப்பு பார்ப்பேன், என் குழம்புக்கு நீ. தன் கை உப்பு தனக்குத் தெரியாது என்பது உன் கொள்கை. ஆபீஸர் பேனாவை மூடிவிட்டார்.

"சண்ட போட்டுட்டு பிரிஞ்சிட்டோம்னீங்க. அவங்க குழம்புக்கு நீங்க உப்பு பாக்குறீங்க?"

நீ அசரவில்லை. "சண்டையிலே பேச்சுதான் சார் நின்னுது, நாக்கு இன்னா பண்ணிச்சு?"

அவர் சிரித்தார்தான். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. "இன்னொரு நாள் வரேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்" என்று போய்விட்டார்.

எப்போது வருவார் என்று தெரியாததால் தினமும் பிரிந்திருக்க வேண்டியதாயிற்று. அங்கேதான் சனியன் பிடித்தது. ஒரு சட்டியில் ஆன சோறு ரெண்டு சட்டியில். ஒரே பருப்பு ரெண்டு அடுப்பில் வெந்தது. சுவரில் விட்டிருந்த சந்தை ஓர் அட்டையால் அடைத்தோம். முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு தண்ணி லாரிக்கு நிற்கும்போது, "பிரிஞ்சிட்டீங்களாமே, நல்லதுதான்" என்று ஒருத்தி சொன்னாள். நீ பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம். நான் சொல்லவில்லையே என்று உனக்குக் கோபம். ஒரு நாள் நீ வறுத்த மீன் வாசனை வந்தது, கிண்ணம் வரவில்லை. மறுநாள் நான் பாயசம் வைத்தேன், நானும் அட்டையை எடுக்கவில்லை. என் மகள் அந்த அட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "பெரிம்மா இன்னா செஞ்சிகினு கீறாங்க?" என்று என்னைக் கேட்டாள். பொய்க்குக் கட்டிய சுவர் உண்மையாகிக்கொண்டு வருகிறது என்று இருவருக்கும் தெரிந்தது, வாயைத் திறக்கத்தான் ரெண்டு பேருக்கும் வரவில்லை.

அத்தை எந்தப் பக்கமும் சாப்பிடவில்லை. "இந்தப் பக்கம் துன்னா அவளுக்கு மனசு கஷ்டம், அந்தப் பக்கம் துன்னா இவளுக்கு" என்றார். பரணிலிருந்து பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கச் சொல்லி, கூடத்து மூலையில் தனக்கென்று கஞ்சி வைத்துக்கொண்டார். ஒரு வீட்டில் மூன்று அடுப்பு.

ஆபீஸர் வந்தது அப்போதுதான். நான் உன்னோடு பேசவில்லை, நீ என்னோடு பேசவில்லை, நடிக்க ஒன்றுமே இருக்கவில்லை. அவர் உன் பக்கம் பார்த்தார், என் பக்கம் பார்த்தார். கூடத்தில் ஸ்டவ்வை பம்ப் அடித்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, நீங்களுமா தனி?"

அத்தை நிமிரவே இல்லை. "எனக்கு யாரு நைனா கீறாங்க" என்றார்.

அவர் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இத்தனை நாள் அலைந்ததற்குச் சாட்சியாக நின்றது அத்தையின் அந்த ஒரு வார்த்தைதான்.

மீட்டர் மாட்டி, முதல் பில் வந்தது. நீ நினைத்தபடியே ரெண்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம். அதே நாள் உன் தனியார் சிலிண்டர் தீர்ந்தது, என்னுடையதும் தீரப்போகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வழக்கமாக வருகிற நாளில் பாதி கூட வரவில்லை. நீ பில்லைப் பார்த்தாய், காலி சிலிண்டரைத் தட்டிப் பார்த்தாய். பிறகு விறுவிறுவென்று வந்து சந்திலிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு உன் முகத்தை அந்த ஓட்டையில் பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

"கரண்ட்ட பிரிக்கலாம்டி சுகுணா. சோத்தப் பிரிச்சா கட்டுப்படி ஆவாது."

அவ்வளவுதான். கணக்கு பேசுகிற மாதிரி பேசிவிட்டு விசும்பி விசும்பி அழுதாய். நானும் அழுதேன். அத்தையின் ஸ்டவ்வைப் பரணில் ஏற்றினோம். அன்றைக்கு மத்தியானம் மூன்று தலைமுறையும் ஒரே சட்டியில் சாப்பிட்டது. அத்தை ரெண்டாவது தடவை சோறு கேட்டார். ஆபீஸர் திரும்ப வந்தால் என்ன செய்வது என்றேன். "வந்தா அவருக்கும் ஒரு தட்டு வை" என்றாய்.

இன்றைக்கு அத்தை இல்லை. நீயும் இல்லை. மூச்சு வாங்குகிறது என்று ஆட்டோவில் ஏறினவள், "குழம்பு அடுப்புல கீது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய், திரும்பவில்லை. மாமாவை உன் மகன் எர்ணாவூருக்குக் கூட்டிப் போய்விட்டான். உனக்கு முன்னாலேயே அந்தத் தனியார் கேஸ்காரனும் கடையைச் சாத்திக்கொண்டு போனான். அவன் ரெகுலேட்டர் மட்டும் ஆணியில் தொங்குகிறது.

மத்தியானம் என் வீட்டுக்காரரிடம் ரீடிங் தம்பி சொன்னதைச் சொன்னேன். "கரெக்ட்டுதானே? ஓடாத மீட்டருக்கு எதுக்கு அழுவணும்? நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். அந்தச் சுவத்து ஓட்டையையும் பூசிடலாம், பல்லி வருது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த கரண்டி பறந்திருக்கும். "ஒண்ணாக்கினா கோட்டத் தாண்டும். ரேட்டு தெரியாம பேசாத" என்று உன் குரலிலேயே கத்தினேன். அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அது காரணமில்லை என்று அவருக்கும் தெரியும். மகளும் புகுந்த வீட்டுக்குப் போனபிறகு இந்த வீட்டில் இப்போது இருக்கிறது ரெண்டு பேர், எந்தக் கோட்டைத் தாண்டப்போகிறோம்?

அவர் ஷிப்டுக்குப் போனதும் கிரைண்டரை உன் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். இடுப்பு விட்டுப்போயிற்று. உன் பிளக்கில் செருகி, உளுந்தைப் போட்டுவிட்டு நடைக்கு ஓடினேன். கறுப்புக் கோடு அசைந்தது, மறைந்தது, சுற்றி வந்தது. நின்று நின்று பார்த்தேன் அக்கா.

திரும்ப வந்தபோது என் அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியில் எடுத்தேன், சந்துக்குள் நீட்டிவிட்டேன். அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம்தான். குழம்பு ஆறுகிற வரைக்கும் கையை எடுக்கத் தோன்றவில்லை. கடைசியில் நானே என் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தடவை அந்தத் தம்பி வருவார். மீட்டர் ஓடியிருப்பதைப் பார்த்து, ஊருக்குப் போனவங்க வந்துட்டாங்களா என்று கேட்பார். வந்துட்டாங்க, ரெண்டு குடும்பம்தான், ரெண்டு சமையல்தான் என்று சொல்லப்போகிறேன். அன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்ல நாம் ரெண்டு பேர் இருந்தோம். இனிமேல் நான் ஒருத்தியாகத்தான் சொல்ல வேண்டும்.

சுகுணா