தொண்ணூறு போதும்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவது வழக்கம், இந்தத் தடவை அந்த வரி வர மாட்டேன் என்கிறது. பயந்துவிடாதே, அப்பா எதிரில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், என்னடி இவ்ளோ நீளமா எழுதுற, என்மேல கேஸ் போடப் போறியா என்று கிண்டல் வேறு. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இரண்டு அறை வீட்டில் எதைப் பேசினாலும் அவர் காதில் விழும், நீயும் பாதியில் அழ ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறு எதையாவது பேசி வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அப்பாவின் மூக்கிலிருந்து மெஷின் வரை குழாய் இருபத்துநான்கு அடி, என் தையல் டேப்பால் நானே அளந்தேன். கட்டிலிலிருந்து குளியலறைக்கு எட்டும், சமையலறை வாசல்வரை வரும், பால்கனிக்கு இரண்டடி முன்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முப்பது வருடம் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்து ரோட்டில் ஓடவிட்ட மனிதர், அந்த இரண்டடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்து, இதெல்லாம் ஒரு வேலையா என்று திட்டுகிறார். எனக்குக் குழாய் இல்லை, ஆனாலும் அவரைவிட நாலடி கூடுதலாகப் போவதில்லை. கரண்ட் போனால் சிலிண்டருக்கு மாற்ற ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான்தான். ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் வாசலிலேயே அளவு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சில நாள் அந்த மெஷின் சத்தத்தில் எனக்கே மூச்சு முட்டும், எங்கேயாவது ஓடிவிடலாம் என்று செருப்புகூட மாட்டியிருக்கிறேன். மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பேன், பிறகு கழற்றிவிடுவேன்.

இதற்கு நடுவில் உன் போட்டோ. தினமும் காலை ஏழு மணிக்கு அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி, வருகிற எண்ணைப் படமெடுத்து உனக்கு அனுப்ப வேண்டும். சின்ன முதலாளிக்கு ரிப்போர்ட் போயாச்சா என்று உன்னைச் சொல்லி அவரே கேட்பார். நீ அன்பில்தான் கேட்டாய், தப்புச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருடம் அலைந்து கிடைத்த வேலையில் சேர்ந்த மூன்றாம் வாரமே, தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போச்சுன்னா எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடுவேம்மா என்றாய் பார், அன்றிலிருந்து அந்த எண்ணைக் குறையவிடக் கூடாது என்பதே என் வேலை. அவர் விரல் எப்போதும் ஜில்லென்று இருக்கும், குளிர்ந்த விரலில் கிளிப் சரியாகக் காட்டாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார், அதனால் அரைமணி நேரம் என் இரண்டு கைக்குள்ளும் பொத்தி வைத்திருப்பேன். அப்படியும் தொண்ணூறு, தொண்ணூற்றொன்று. அதை உனக்கு அனுப்பப் பயந்து, மெஷினில் இரண்டில் நின்ற குமிழை நாலுக்குத் திருப்பினேன். தொண்ணூற்றெட்டு வந்தது. நீ பூ பூவாகப் படம் அனுப்பினாய்.

முதலில் போட்டோவுக்கு மட்டும்தான் கூட்டினேன். அப்புறம், நல்ல காற்றுதானே, கூட வந்தால் நல்லதுதானே என்று நாள் முழுக்க நாலிலேயே விட்டுவிட்டேன். அவர் காலையில் தலைவலி என்றார். பல் தேய்த்துக்கொண்டே தூங்கினார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ரெண்டாவது கோட்டிங் காஞ்சிடுச்சா என்று என்னைக் கேட்டார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவைச் சிறகுபோல் படபடத்தது. நான் கிளிப்பைப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு. இவ்வளவு மார்க் வாங்கியவருக்கு என்ன கேடு என்று போர்த்திவிட்டேன் கண்ணு. மறுநாள் மத்தியானம் எவ்வளவு உலுக்கியும் அவர் எழவில்லை. அந்த வாரம் போனில், அப்பா தூங்குகிறார் என்றேனே, ஆஸ்பத்திரியிலிருந்துதான் பேசினேன்.

அங்கே மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்தில் ஆழமாகக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஆக்சிஜன் நன்றாகவே இருந்தது, வெளியே விட வேண்டிய கெட்ட காற்றுதான் ரத்தத்தில் ஏறிக் கிடந்தது. இவர் நுரையீரலுக்கு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள்தான் இருக்கணும், ஆக்சிஜனை அதிகமா ஏத்துனா கெட்ட காத்து வெளிய போகாம தேங்கிடும், அப்புறம் மூச்சே நின்னுடலாம், யாரும்மா குமிழைத் தொட்டது என்று டாக்டர் கேட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள், கிளிப் தொண்ணூறு காட்டியது, தாளில் ஆக்சிஜன் அறுபது என்று இருந்தது. தொண்ணூறு எப்படி அறுபதாகும், கொல்லப் பார்க்கிறீர்களா என்று ஊரைக் கூட்டிவிட்டேன். ரத்தம் எடுக்கும் பெண்தான் என்னை உட்கார வைத்தாள். விரல் கிளிப் காட்டுறது, நூறு சீட்டுள்ள பஸ்ல எத்தனை சீட் நிரம்பியிருக்குங்கிற கணக்கு, இந்த அறுபது ஆக்சிஜனோட அழுத்தம், அது வேற அளவு, அங்க தொண்ணூறுன்னா இங்க கிட்டத்தட்ட அறுபதுதான் வரும், ரெண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுதுங்க அக்கா என்றாள். கெட்ட காற்றை நம்ம கிளிப் காட்டுமா என்று கேட்டேன். அதுக்குத் தெரியவே தெரியாது, ரத்தத்துலதான் தெரியும் என்றாள். நாற்பது வருடமாக இஞ்சையும் சென்டிமீட்டரையும் குழப்பாமல் தைக்கிறவள், புருஷன் உடம்பில் கோட்டை விட்டேன்.

இப்போது வீட்டுக்கு வந்து ஆறு நாள். தலைவலி இல்லை, வாய்க்கொழுப்பு மட்டும் பழையபடி. நான் கேட்பது ஒன்றுதான், இனிமேல் எண்ணைக் கேட்காதே. நீ கேட்டால் என் கை மறுபடி குமிழுக்குப் போகும், என்னை நானே நம்பவில்லை. காலையில தானா எழுந்தாரா, தலை வலிக்குதா, பேச்சு தெளிவா இருக்கா என்று கேள், ஒளிக்காமல் சொல்கிறேன். இன்னொன்று. உன்னை வரவிடாமல் இருக்கத்தான் இவ்வளவும் செய்தேன், ஆனால் நீ வந்து அப்பாவின் கட்டிலருகே நாற்காலியில் ஒரு பத்து நாள் உட்கார வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. எண் குறைந்துவிட்டது என்று வேலையை விட்டு ஓடி வராதே. லீவு கிடைத்தால் வா. வந்தால் ஒரு மணி நேரம் நீ இங்கே இரு, நான் கீழே இறங்கித் தெருமுனைவரை நடந்துவிட்டு வருகிறேன்.

நீ தீர்க்காயுசாக, மனக்குறை இல்லாமல் இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். சூடாகத் தண்ணீர் குடி, ராத்திரி தலைக்குக் குளிக்காதே. போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் ஆறரை மணி ஆனால் அவர் பழக்கத்தில் விரலை நீட்டுகிறார், இனி வேண்டாம் என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அந்த விரலைப் பொத்தி வைத்திருக்கும்
உன் அம்மா