கடுகு மடித்த கடைசித் தாள்

பாளையம்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

என் தங்கம் பிரவீணாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே நல்ல சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை தாயி. போனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால்தான் நாளைக்குத் தோஹா திரும்பும் மேலத்தெரு மாரிசெல்வம் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

செவ்வாயும் வெள்ளியும் அவரை அருப்புக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவது உனக்குத் தெரியும். நாலு மணி நேரம் கையில் ஊசியோடு கிடப்பதால் நான்தான் கதை வாசிப்பேன். நம் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கும் பழைய புத்தகக் கட்டிலிருந்து கொலைக் கதையாகப் பார்த்து எடுத்து வைப்பேன். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கொலையும் ரத்தமும் படிக்க எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் வேறு எதுவும் அவருக்கு ஆகாது. தொடர்கதையை எடுத்தால், அடுத்த வாரத்துக்கு நான் இருக்கனோ இல்லையோ, ஒக்காந்த எடத்துலயே செத்தவனும் தெரியணும் கொன்னவனும் தெரியணும், எந்திரிக்கயில எல்லாம் முடிஞ்சிரணும் என்பார். பாதிக் கதையிலேயே ஆளைப் பிடித்துவிட்டு, நாப்பது வருசம் கடையில நின்னவனுக்குக் கள்ள முழி தெரியாதா என்று சிரிப்பார். நிஜத்தைச் சொன்னால் எனக்கும் அது பிடித்துவிட்டது. பக்கத்தைத் திருப்புவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், வியாதி மறந்து போகும்.

போன மாதம் மனசு விட்டுவிட்டார். போதும் சௌந்தரம், இனிமே என்னய இழுத்துக்கிட்டு அலையாத என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இரண்டு தடவை போகவில்லை, கால் வீங்கி மூச்சு வாங்கியது. அழுது கெஞ்சினேன். சரி, இதுதான் கடேசி என்று ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அன்றைய கதையில், உள்ளே தாழ்ப்பாள் போட்ட, பருத்தி மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் முதலாளி செத்துக் கிடக்கிறார். துப்பறிகிறவர் எல்லோரையும் நிறுத்திவைத்து, கொலை செய்தவர் இதோ என்று விரலை நீட்டுகிறார், திருப்பினால் கடைசித் தாளைக் காணோம். காலையில் அவசரத்தில் நான்தான் அதைக் கிழித்து, கடைக்கு வந்த பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாளுக்குக் கடுகு மடித்துக் கொடுத்திருக்கிறேன். அறிவிருக்கா ஒனக்கு என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எத்தனை நாள் கழித்து அந்தக் குரல்! திட்டு வாங்கியும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முத்துமாரியம்மாளிடம் ஓடிப்போய் அந்தத் தாளை வாங்கிவிட்டேன். கொடுக்கலாம் என்று வந்தால், அவர் எழுந்து உட்கார்ந்து யார் கொன்றிருப்பார் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறார். கொடுக்க மனசு வரவில்லை தாயி. தெரிந்துவிட்டால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரே. சாமி படத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். மறு செவ்வாய் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த நர்சுப் புள்ள நாகஜோதி கணக்கப்பிள்ளைதான் கொன்னதுங்கிறா, அவளுக்கு ஒண்ணும் தெரியல, வா போவோம் என்றார். தாளைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியே மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். முப்பத்தெட்டு வருடத்தில் அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை, இப்போது தினம் ஒன்று சொல்கிறேன். கடைசியில் நானே களவாணி ஆகிவிட்டேன். அந்தத் தாளை நானும் படிக்கவில்லை, படித்தால் என் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

நேற்று, வர்ற வெள்ளிக்குள்ள தாளு கெடைக்கலன்னா விட்ரு, கதையும் வேண்டாம் ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு கதை வாசித்தால் காதிலேயே வாங்குவதில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் அந்தத் தாளை நாலாக மடித்து இதோடு வைத்திருக்கிறேன். அதே புத்தகம் பிரவீணாவிடம் இருக்கிறதாம், கொண்டு வருகிறாளாம் என்று வியாழக்கிழமை அவரிடம் சொல்லப் போகிறேன், நீ வரும் வரைக்காவது ஆஸ்பத்திரிக்கு வருவார். போனில் அவர் எவ்வளவு கெஞ்சினாலும் கொன்றது யார் என்று சொல்லிவிடாதே. லீவு இல்லை என்று சொல்லாதே கண்ணு, கிளம்பி வா. தாளைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை. சின்னவளுக்கு வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்கொள்.

திருச்சுழி திருமேனிநாதர் உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். வாசித்து முடித்ததும் அவர் என்ன சொல்வார் என்று நினைத்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ பிந்தி வந்தால், அந்தத் தாளை யாருக்குத் தாயி வாசிப்போம்?

வாசலைப் பார்த்திருக்கும் உன் அம்மா,
சௌந்தரம்