இரண்டு பேருக்கு வைத்த செயின்

அக்டோபர் 5, ஞாயிறு

மழை நின்றுவிட்டது போல. வெயில் அதற்குள் மே மாதத்துக்குப் போய்விட்டது. பைக்கில் நெருள் போய் வந்தேன். வாஷி பாலம் ஏறியதிலிருந்து செயின் கவரில் டக்கு டக்கு என்று அடி. மழைக்காலம் முழுக்க முழங்கால் தண்ணீரில் ஓட்டியது, துருப்பிடித்து நீண்டிருக்கும். இந்த வாரம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மகள் ஜீனத் வீட்டுப் பால்கனியில் மைமூன். பக்கத்தில் ஊன்றுகோல். நல்லா இருக்கேன் என்றாள். உம்மா நல்லா சாப்பிடுறா வாப்பா என்று ஜீனத்தும் சொன்னாள். பேரன் என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அழுகை. கிளம்பும்போது மைமூன் வழக்கமான கேள்வி.

"மெஷின மேல ஏத்தியாச்சா?"

தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றேன். தலையை ஆட்டினாள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அக்டோபர் 6, திங்கள்

கேஸ் புக் செய்தேன். பை ஆர்டர், இன்னும் இருநூற்றுச் சொச்சம் பாக்கி. ஜிப் தீர்ந்துவிட்டது.

மெஷின் விஷயம். யோசித்துப் பார்த்தால் என் பக்கமும் நியாயம் இருக்கிறது. கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் இரும்பு ஏணி. தாராவியில் எல்லார் வீடும் அப்படித்தான். பிப்ரவரியில் அந்த ஏணியில் மைமூன் வழுக்கி விழுந்தாள், இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் சொல்லிவிட்டார், இனி ஏணி என்ற பேச்சே கூடாது என்று. அதனால்தான் ஜீனத் வீட்டில் இருக்கிறாள். திரும்பி வர வேண்டுமானால் பட்டறை மேலே, வீடு கீழே. வேறு வழியில்லை. ஆனால்:

- நாலு தையல் மெஷின், ஒவ்வொன்றும் பிசாசுக் கனம்
- மேல் பலகை தாங்குமா தெரியாது
- பை எடுக்கிற பார்ட்டிக்காரன் ஏணி ஏறி வந்து சாம்பிள் பார்ப்பானா? பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவான்
- ரம்ஜான் ஆர்டர், பிறகு ஸ்கூல் பை சீசன், பிறகு மழை, இப்போது தீபாவளி

எழுதிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவளிடம் சொல்லும்போதுதான் குரல் இறங்கிவிடுகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

தண்ணீர் பிடித்து முடித்ததும் செயின் வேலை. ஆட்கள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், பதினோரு மணி ஆகிவிட்டது.

மறக்காமல் இருக்க:
பின் சக்கரக் கோடு முன்பு இடது 4, வலது 4. இப்போது இரண்டு பக்கமும் 5.
கவரில் விரல் விட்டுப் பார்க்கிற துவாரத்தின் ரப்பர் மூடி கிழிந்துவிட்டது. வாங்க வேண்டும்.
சக்கரத்தை முழுச் சுற்று சுற்றி, எந்த இடத்தில் செயின் மிக இறுக்கமோ அங்கே அளக்க. (போன தடவை இதில்தான் கோட்டை விட்டேன்.)
சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பிரேக்கும் மாறிவிட்டது. அதையும் திருகி வைத்தேன்.

இந்தக் கோட்டுக் கணக்கை நான் எழுதி வைத்ததே கிடையாது. மைமூன் மனதில் வைத்திருப்பாள். ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டில் ஆளில்லாமல் இறுக்கினால் சரியாக வராது. ஆள் ஏறினால் பின் பக்கம் அமுங்கும், அமுங்கினால் செயின் இன்னும் இறுகும். இரண்டு பேர் போகிற வண்டிக்கு ஆளை உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும். பதினாலு வருஷமாக அந்த ஆள் அவள்தான். சந்தில் வண்டியை இறக்கி, ஹேண்டில் எதிர்ச் சுவரில் முட்டுகிற மாதிரி சாய்த்து வைப்பேன். அவள் புர்காவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்காருவாள். கையில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை. நான் கீழே குந்தியிருக்க, தோல் முழுக்க என் தலையில் விழும். "இடது எத்தன?" என்பாள். "நாலு." "வலது?" "மூணரை." "அப்ப இன்னும் அரை திருப்புங்க." ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் சொல்லுவாள். சந்தில் போகிற வருகிறவர்கள், என்ன மதினி, வண்டி ஓடலையா, காத்து வாங்குதியளா என்று கேலி செய்வார்கள். ஆமா, மகாபலேஷ்வர் போய்க்கிட்டிருக்கேன் என்பாள்.

இன்று உட்கார ஆளில்லை. தைக்கிற ஆட்களில் யாரையாவது உட்கார வைத்திருக்கலாம். ஏனோ மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன், எடை 62 என்று போட்டிருக்கிறது. ரெக்ஸின் ரோல் இரண்டைத் தூக்கிக்கொண்டு எதிரே பாண்டியின் பங்கார் கடைக்குப் போனேன். பழைய இரும்பு நிறுக்கிற தராசில் வைத்தேன். 58. மேலே நாலு கிலோ பக்கிள் பை. சரியாக 62.

பாண்டி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "யாரு பாய் இது, மதினியா?" என்றான். சிரித்தான். பிறகு அவனே ஒரு ரோலைத் தூக்கி வந்து சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

கனம் இல்லாமல் ஒன்றரை விரல் ஆட்டம். கனத்தோடு முக்கால் விரல். அவள் உட்கார்ந்தால் வருகிற அதே முக்கால்.

அக்டோபர் 8, புதன்

செயின் சத்தமே இல்லை. மாட்டுங்கா மார்க்கெட் வரை சும்மா ஒரு நடை. கறிவேப்பிலை, சின்ன வெங்காயம். கூறு போட்டு விற்கிற அம்மா, வீட்டம்மா எங்கே, ரொம்ப நாளாக் காணோமே என்றாள். மகள் வீட்டில் என்றேன். பேரன் பேத்தி பார்க்கப் போயிருக்காங்களா, நல்லது என்றாள். நானும் நல்லது என்றேன்.

வண்டி வாங்கின நாள் ஞாபகம். செம்பூர் கடையில் எடுத்து, மூன்று பேரும் அதிலேயே வீட்டுக்கு. ஜீனத் நடுவில், ஏழாம் வகுப்பு. சயன் சிக்னலில் போலீஸைக் கண்டதும் மைமூன் அவளையும் இழுத்துக்கொண்டு இறங்கி, எனக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நடந்து போனாள். அந்தப் பக்கம் போய் நின்று ஏற்றிக்கொண்டேன். வீடு வரும்வரை மூன்று பேரும் சிரிப்பு. அப்புறம் எத்தனை ஞாயிறு, காரணமே இல்லாமல் அணுசக்தி நகர் வரை போய்த் திரும்புவோம். அங்கே மரம் அதிகம். கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு மரத்தைப் பார்ப்போம். காசில்லாத ஊர் சுற்றல் என்று அவள் பேர் வைத்திருந்தாள்.

வண்டியில்தான் அவள் நிறையப் பேசுவாள். வீட்டில் பட்டறைச் சத்தம், வெளியே சந்துச் சத்தம். பின்னால் உட்கார்ந்து என் காதுக்குள் பேசுவாள். பாதி காற்றில் போய்விடும், ம்ம் என்பேன். எதற்கு ம்ம் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்தபிறகு தெரியும்.

எட்டு மாதமாக அந்தக் காது சும்மா இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

ஜும்மா. செருப்பு மாறிவிட்டது, இது கொஞ்சம் நல்ல செருப்பு. அடுத்த வெள்ளி கொண்டுபோய் வைக்க வேண்டும்.

மைமூனுக்கு போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். என்ன, சோறு. வேறு, வேறு என்ன. ஜீனத் பின்னால் ஏதோ சொல்ல, இவள் சும்மா இரு என்று அதட்டுவது கேட்டது.

பார்ட்டிக்காரன் வந்தான். நூறு பை எடுத்துப் போனான். தைப்பவர்களில் ஒருவன் டீ குடிக்கும்போது ஊரில் தன் அக்கா கல்யாணம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று நாள் லீவு வேண்டுமாம், அதற்குத்தான் இவ்வளவு முன்னுரை.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நெருள். லிஃப்டில் மைமூனைக் கீழே அழைத்து வந்தேன், கொஞ்சம் நடக்கட்டும் என்று. பார்க்கிங்கில் வண்டியைப் பார்த்ததும் அவளே நின்றாள். செயின் பாத்தியளா என்றாள். பார்த்தேன், அஞ்சு அஞ்சு என்றேன். யாரு உக்காந்தா என்றாள். ரெக்ஸின் என்றேன். தராசுக் கதையைச் சொன்னதும் அப்படி ஒரு சிரிப்பு. பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

ஏறிப் பாரேன் என்றேன். நான்தான் சொன்னேன். டாக்டர் வண்டியில் உட்காரலாம் என்று போன மாதமே சொல்லியாகிவிட்டது, இவள்தான் பயந்துகொண்டிருந்தாள். ஜீனத் ஓடி வந்து, வாப்பா பாகல் ஆயிட்டியளா, கிறுக்கு புடிச்சிட்டா என்று கத்திக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அதில் ஏறி, ஒரு பக்கமாகச் சீட்டில். ஜீனத் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

பழக்க தோஷத்தில் கீழே குந்தி, துவாரத்தில் விரலை விட்டேன்.

ஆட்டம் குறையவில்லை. ஒன்றரை விரல் இருந்தது, ஒன்றேகால் ஆகியிருக்கும், அவ்வளவுதான். முக்கால் வர வேண்டும். இடம் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்து, வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டினோம், அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி. இன்னொரு இடம். மறுபடி. நாலு இடத்திலும் அதே. செயினில் தப்பில்லை. பின்னால் கனம் இல்லை.

விரலை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தேன். எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இவளைப் பார்க்கிறேன். தொளதொளவென்று உடுப்பு, மேலே துப்பட்டா, நாற்காலியில் இருப்பாள். முகத்தைப் பார்த்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னாள், திரும்பி வந்தேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. செயின் சொல்லித் தெரிய வேண்டியிருக்கிறது எனக்கு.

எவ்வளவு கிலோ இருக்கிறாய் என்று கேட்டேன். ஜீனத் ஹேண்டிலைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாப்பத்தி ஆறு வாப்பா. தட்டுல வெச்சா பாதிய அப்படியே வெச்சிருதா. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

நான் மைமூனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இவ ஒரு கொறையும் வைக்கல. மருமவனும் தங்கம். எனக்குத்தான் எறங்கல. என் வீட்டுக்குப் போனா சாப்ட்டுக்கிடுவேன்."

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டவுடனே வெட்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் மெஷின் மேலே ஏறியாச்சா என்று கேட்டாளே, அதைவிட எப்படிச் சொல்லுவாள்.

திரும்பி வரும்போது பாலத்தில் நல்ல காற்று. ஹெல்மெட்டுக்குள் அழுதேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆர்டர் பாக்கி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பார்ட்டிக்காரன் போனில் குதித்தான். குதிக்கட்டும்.

மேல் பலகைக்குக் கீழே இரண்டு இரும்புத் தூண் முட்டுக் கொடுக்க ஆள் வந்து அளந்துவிட்டுப் போனான். தாங்குமா என்றேன். மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "பக்கத்து வீட்டுல ஏழு மெஷின் ஓடுது பாய், மேலதான்" என்றான். பக்கத்து வீடு. தினம் அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

தூண் முடிந்தது. மதியத்துக்கு மேல் மெஷின். தலையைக் கழற்றி, டேபிளைத் தனியாக, மோட்டாரைத் தனியாக. கயிறு கட்டிப் பாண்டி மேலிருந்து இழுக்க, நானும் தைக்கிற ஆட்களும் கீழிருந்து தள்ள. மூன்று ஏறியது. நாலாவது பாதியில் நின்று, எல்லாரும் மூச்சை அடக்கி, பிறகு ஏறியது. என் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

அக்டோபர் 15, புதன்

கட்டில் இறக்கினேன். அடுப்பு, சிலிண்டர், அண்டா, மைமூனின் இரும்பு பீரோ. சுவரில் எண்ணெய்க் கறை, அவசரமாக ஒரு கை சுண்ணாம்பு. குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பைப். பாத்ரூம் வாசல்படி உயரம், உடைத்துச் சமன் செய்தாயிற்று. பார்ட்டிக்காரன் சாயந்திரம் வந்தான். ஏணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஏறினான். அறுபது பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

இவனுக்காகவா.

அக்டோபர் 17, வெள்ளி

செருப்பைக் கொண்டுபோய் வைத்தேன், என்னுடையது கிடைக்கவில்லை. வெறுங்காலோடு வந்தேன்.

ஜீனத்தும் மைமூனும் டாக்ஸியில் மெயின் ரோடு வரை. அங்கிருந்து சந்துக்குள் ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து வந்தாள். வீட்டுக்கு வீடு நின்று பேசி, இருநூறு அடி வர அரை மணி நேரம். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். புதுத் தூணைத் தட்டிப் பார்த்தாள். மேலே மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து கேட்டாள்.

"எத்தன நாளாச்சு இதுக்கு?"

"மூணு நாள்."

கட்டிலில் உட்கார்ந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். கோபமாகவே இல்லை குரல்.

"மூணு நாளு வேலைக்கா என்னைய எட்டு மாசம் அங்கன வெச்சிருந்திய?"

எழுதி வைத்த காரணங்கள் அத்தனையும் இருந்தன. தப்புதான் என்றேன். ஜீனத் வெளியே போய் நின்றுகொண்டாள்.

பிறகு, என்ன ஆக்கி வெச்சிருக்கிய என்று கேட்டாள். சோறும் மீன் குழம்பும். உப்பு தூக்கல், புளி போதாது, என் கை வேலை. தட்டில் போட்டுக் கொடுத்தேன். இந்தக் குழம்பையா எட்டு மாசம் சாப்ட்டிய என்றாள். பிசைந்தாள். சாப்பிட்டாள். மறு சோறு கேட்டாள். போட்டேன். அதையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினாள். சட்டியில் சோறு இல்லை, மூன்று பேருக்கு எவ்வளவு ஆக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது.

மறுபடி உலை வைத்திருக்கிறேன். கொதிக்கிறது.