சேற்றுக்குள் ஒரு நூல்

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? முதுகுவலி குறைந்ததா? பாப்பா இரவில் இன்னும் இருமுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

இதைப் போனில் சொன்னால் அவளும் கேட்பாள் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஏரிச் சேற்றை ஜாடிகளில் வைத்து, நூல்போல நீளும் ஒரு பாக்டீரியாவை வளர்க்கிறோம். நூலின் அடிமுனை சேற்றுக்குள் சாப்பிடும். மேல்முனை தண்ணீரோரம் மூச்சுவிடும். நடுவில் அறுந்தால் இரண்டு முனைக்கும் பிழைப்பில்லை. அறுத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு ஜாடி உண்டு. போன வாரம் அறுக்கும் மெல்லிய கம்பியை அந்த ஜாடி என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரியின் ஜாடியில் இழுத்துவிட்டேன். "அக்கா, என் புள்ளைங்கள ஒரே இழுப்புல முடிச்சிட்டீங்களே," என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அதற்கு முந்தின நாள் போனில் பேச நீங்கள் கூப்பிட்டும் பாப்பா வராமல், "அம்மாகிட்டதான் நேத்தே பேசிட்டேனே," என்றது என் காதில் விழுந்திருந்தது. கை வேலையில் இருந்தது, மனம் இல்லை.

நான் கெடுத்த ஜாடியை நான்தான் முதலிலிருந்து வளர்த்துக் கொடுக்க வேண்டும். சேறு படிந்து நூல் விடுவதற்குள் விடுமுறை போய்விடும். இந்தமுறை வர முடியாது. அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

அவள் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள். நான் வாங்கி வைத்த செருப்பு இதற்குள் சிறியதாகியிருக்கும். பேசச் சொல்லி அதட்டாதீர்கள். வீட்டுப்பாடம் எழுதும்போது போனைப் பக்கத்தில் வைத்தால் போதும். பென்சில் சத்தம் எனக்குக் கேட்கும்.

பஸ் வருகிறது, முடிக்கிறேன்.

பாப்பாவின் அம்மா