யாரும் பேசாத வாக்கியம்

மே 18, திங்கள்

காலையில் பேராசிரியர் விதாசெக் என் மேசையருகே வந்து நின்றார். "இன்னிக்குக் கொஞ்சம் குளிரா இருக்கிற மாதிரி தோணுது, அசனுமா-சான்." எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

இந்த மொராவிய ஊருக்கு ஜப்பானியம் கற்பிக்க வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. செக் நாட்டவரான எங்கள் துறைத் தலைவர் அவர்; ஒருமுறைகூட ஜன்னலைச் சாத்தும்படி கேட்டதில்லை. ஜப்பானியர் எதையும் நேராகக் கேட்பதில்லை என்பது அவர் நூலின் மூன்றாம் அதிகாரம். ஜப்பானில், எங்கள் நீகாதாவில், என் அம்மா "ஏய், ஜன்னலைச் சாத்துடி" என்பாள். அவள் அந்த நூலைப் படித்ததில்லை.

நாளை ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்திலிருந்து குசகாபே வருகிறார். எங்கள் மாணவர்களை ஆண்டுதோறும் அவர்களிடம் அனுப்பும் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர்தான். புதுப்பிக்காவிட்டால் துறையை மூடிவிடப் போவதாக டீன் ஹாவ்லோவா சொல்லிவிட்டார். துறை போனால் என் வேலை போகும். வேலை போனால் விசா.

மே 19

வாசலில் பேராசிரியர் இடுப்புவரை குனிந்து வணங்கினார். அதே நொடியில் குசகாபே, ஐரோப்பிய முறைப்படி கட்டித் தழுவக் கைகளை விரித்து முன்னால் வந்தார். பேராசிரியரின் தலை விருந்தாளியின் தொப்பையில் முட்டியது. இரு நாட்டு நட்பு இப்படித் தொடங்கியது.

பிறகு தேநீர்ச் சடங்கு. பேராசிரியர் மண்டியிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். குசகாபேவுக்குக் கால் மரத்துப்போய், நான்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். "வீட்ல நான் சோபாவுலதான் உக்காருவேன்" என்று என் காதில் முனகினார்.

ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மே 20

மாடிப்படியில் குசகாபே என்னை நிறுத்தினார். "இவங்களுக்கு நம்ம ஒப்பந்தம் வேண்டாம் போலிருக்கே?"

"வேணும். ரொம்பவே வேணும்."

"வேணும்னா கேட்டிருப்பாங்களே. வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வச்சாங்க. ஐரோப்பாக்காரங்க வேண்டியதை வாய்விட்டுக் கேப்பாங்களாம். கேக்கலைன்னா வேண்டாம்னு அர்த்தமாம். நீங்க சொல்றது உங்க வேலைக்காக. தப்பில்லை. ஆனா நாங்களா போய்த் திணிக்கக் கூடாது."

ஓடிப்போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். புன்னகைத்தார். "நீங்க ஊரை விட்டு வந்து ரொம்ப நாளாச்சு, அசனுமா-சான். அவர் நம்ம பொறுமையைச் சோதிச்சுப் பார்க்கறார். இப்பப் போய்க் கேட்டா எல்லாம் கெட்டுடும்."

என் நாட்டை எனக்கு விளக்கிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மே 21

டீன் கூப்பிட்டார். "கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா? கேக்கறதுக்கு உங்க எல்லார் வாயிலயும் என்ன கொழுக்கட்டையா? விதாசெக் என்னையும் கேக்கக் கூடாதுங்கறார். அவர்தான் நிபுணராம். நாளைக்கு விருந்துல வானிலையைப் பத்தி மட்டும் பேசணுமாம்."

இந்த வருகைக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். சொன்னதைச் சொல்லலாம். யாரும் எதுவும் சொல்லாதபோது — எதைச் சொல்ல?

மே 22

வழியனுப்பு விருந்து. வாத்து, முட்டைக்கோஸ், பீர். டீன் எழுந்து செக் மொழியில் பேசினார்: மழை நின்றது மகிழ்ச்சி, பயணம் நல்லபடி அமையட்டும். உட்கார்ந்துவிட்டார். குசகாபே என்னைப் பார்த்தார். அவர் காலடியில் பை மூடியே இருந்தது. வெளியே ரயிலடிக்குப் போகும் கார் வந்து நின்றுவிட்டது.

நான் ஜப்பானிய மொழியில் சொன்னேன்: "மழை நின்றது மகிழ்ச்சி. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஒப்பந்தத்தை இன்னும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தாருங்கள். எங்களுக்கு அது வேண்டும்."

பேராசிரியரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. மேசையில் இரண்டு மொழியும் தெரிந்த இன்னொருவர் அவர்தான். முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் விருந்தாளிகள் முன்னால் உடன் பணிபுரிபவரைத் தலைகுனிய வைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அவர் நூலின் ஐந்தாம் அதிகாரம். கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தார். பீரைக் குடித்தார்.

"அப்பாடா" என்றார் குசகாபே. "கேக்காமலே அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன்." பையைத் திறந்தார். இரண்டு பிரதிகள், கனசாவாவிலேயே முத்திரை குத்தியவை.

டீன் என் பக்கம் சாய்ந்தார். "என்னவாம்?"

"கையெழுத்துப் போடறாராம். உங்க பேச்சு பிடிச்சிருந்துதாம்."

"மழையைப் பத்திப் பேசினதுக்கா?"

"ஆமா."

டீன் பேராசிரியரை வியந்து பார்த்தார். "நீங்க சொன்னபடியேதான் நடந்துது, விதாசெக்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 25

பேராசிரியர் காலை வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் திறந்தே கிடந்தது.

அக்டோபர் 5

புது மாணவர்கள் வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்தோம். பேராசிரியர் முதல் வகுப்பை எடுத்தார். மூன்றாம் அதிகாரத்தைத் தொடவில்லை என்று கேள்வி.

மாலையில் என் மேசையருகே வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஜன்னலைச் சாத்துங்க."

இப்படியா முகத்துக்கு நேராகக் கேட்பது? எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எழுந்துபோய்ச் சாத்தினேன்.